பட்டாபிராமன் நுழையாத அறை

பட்டாபிராமன் தம் வாழ்நாளில் செய்த பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. தள்ளுபடி செய்தவை ஏராளம். புனேவை ஒட்டிய போசரியில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்து, தலைமைப் பரிசோதகராக ஓய்வு பெற்றவர். பிறர் கடைந்து, அறுத்து, இழைத்து அனுப்பியதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்புவதுதான் அவர் உத்தியோகம். ஒரு பொருள் சரியாக இருந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது என்று தொழிற்சாலையில் சொல்வார்களாம். வீட்டில் அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. சாப்பாட்டையே தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது மெதுவாக ஓடுகிறது என்று மறுநாளே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வரும்போது தாமாக ஒரு பெட்டி நிறையச் சீட்டுகளை எடுத்து வந்தார். சிவப்பு என்றால் தள்ளுபடி, மஞ்சள் என்றால் சந்தேகம், பச்சை என்றால் தேறியது. சிவப்பும் மஞ்சளும் கரையக் கரைய, பச்சைக் கட்டு மட்டும் ரப்பர் பேண்டு அவிழ்க்காமல் அப்படியே கிடந்தது.

வானவடியில் ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிய ஒரு ரோ ஹவுஸ் வரிசையில் அவர்கள் வீடு. பட்டாபிராமனும் அவர் மனைவி ஆனந்தவல்லியும் மட்டும். அந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னல் கொக்கியையும் குழாய் மரையையும் பட்டாபிராமன் அறிவார். அறியாத இடம் ஒன்றே ஒன்று, சமையலறை. அதற்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. கொள்கை என்றெல்லாம் இல்லை, அவசியம் ஏற்படவில்லை. தண்ணீர் என்று சொன்னால் தண்ணீர் வந்தது. காபி சொல்லாமலே வந்தது. தட்டு நிறைந்து வந்து காலியாகப் போயிற்று. வீட்டின் வரைபடத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தால் அந்த மூலையில் ‘கடல்’ என்று எழுதி நீலம் தீட்டியிருப்பார்.

சோலார் வந்தது சூரியன்மேல் கொண்ட பக்தியால் அல்ல. பக்கத்து வீட்டுக் கர்னல் நிம்பாள்கரால். தெருவில் கேபிள் மாற்றுகிறோம் என்று தோண்டிப் போட்டு, கோடைதோறும் சாயங்காலங்களில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. போன மறுகணம் கர்னல் வீட்டு ஜெனரேட்டர் உறுமும். அவர் பால்கனி ஜொலிக்கும். இருட்டில் உட்கார்ந்திருக்கும் பட்டாபிராமனைப் பார்த்து அவர் நாய்கூட ஒரு தினுசாகக் குரைக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பட்டாபிராமன், பல கம்பெனிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு விரட்டிவிட்டு, கடைசியில் கேள்விகளுக்குப் பதிலே சொல்லாத ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார். மொட்டை மாடியில் பேனல், மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர், அதன் காலடியில் இரண்டு பேட்டரிகள். ஒரு வீட்டுக்குப் படுக்கிற நேரம்வரை தாராளமாகத் தாங்கும் என்றார்கள்.

மாட்ட வந்தவர் நிர்மல். நாற்பது வயது, மராட்டியர், அதிகம் பேசாதவர். எந்தெந்த அறையை பேட்டரி லைனில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். ஹால் விளக்கு, ஹால் ஃபேன், டி.வி., தம்முடைய அறை என்று பட்டாபிராமன் சொல்லிக்கொண்டே போனார்.

“அவுர் கிச்சன், சாஹேப்?”

“கிச்சன் மே க்யா ஹை? கேஸ் ஹை” என்றார் பட்டாபிராமன். அங்கே என்ன இருக்கிறது, கேஸ் அடுப்புதானே என்று. புனேவில் காலமெல்லாம் பேசியும் கும்பகோணம் விலகாத இந்தி அது. சொல்லிவிட்டு, பேனலின் சாய்வைக் கோணமானி வைத்துப் பார்ப்பதற்காக மாடி ஏறிப் போனார்.

ஆனந்தவல்லி நிர்மலுக்குக் காபி கொடுத்தாள். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரைக் காட்டி, இந்தப் பக்கத்திலும் ஒரு பாயிண்ட் வேண்டும் என்று மராட்டியில் கேட்டாள். இந்தி அவருடைய மொழி, மராட்டி அவளுடையது. காய்கறி வாங்கியவள் அவள்தானே. சாஹேபைக் கேட்க வேண்டாமா என்று நிர்மல் இழுத்தார்.

“சாஹேப் வர ஆஹேத்” என்றாள் ஆனந்தவல்லி. சாஹேப் மேலே இருக்கிறார்.

நிர்மல் காபியைக் குடித்து முடித்துச் சுவரில் ஒரு துளை போட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அந்த பாயிண்ட் எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் தெருமுனையில் குடிவந்த கோயம்புத்தூர்ப் பெண் கிருஷ்ணப்ரியா, ஹிஞ்சேவாடியில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறவள், ஒரு நாள் கதவைத் தட்டி, கொஞ்சம் தோசை மாவு கிடைக்குமா என்று கேட்டாள். கொடுத்தாள் ஆனந்தவல்லி. மறு வாரம் அவளோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் கம்பெனி வண்டியில் அவளோடு போகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். சனிக்கிழமை காலைகளில் வாசல் மணி ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. முதல் தடவை கதவைத் திறந்த பட்டாபிராமனிடம் வந்தவன், “ஆனந்தவல்லி மாமி இருக்காங்களா?” என்று கேட்டதும் அவர் ஒரு நிமிஷம் விழித்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். புனேவுக்கு வந்த நாள்முதல் அவள் ‘மிஸஸ் பட்டாபி’யாகவே இருந்தவள். அவளுடைய பெயரைச் சொல்லி அந்த வாசலில் யாரும் மணி அடித்ததில்லை.

“மிஸஸ் கா டைம்பாஸ்” என்று கர்னலிடம் அவர் விளக்கம் சொன்னது சமையலறை ஜன்னல் வழியாக அவள் காதில் விழுந்தது.

சோலார் வருவதற்கு முந்தைய மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன கரண்ட் விடிந்துதான் வந்தது. சனிக்கிழமைக்கென்று அரைத்து வைத்திருந்த மாவெல்லாம் புளித்துப் பொங்கி, மூடிகளைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. பாதிப் பேர் முகத்துக்காக வாங்கிப் போனார்கள். அதற்கப்புறம் பல வாரங்கள் கடைப் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டார்கள். மணிச் சத்தம் இல்லாத அந்தச் சனிக்கிழமைகளில் ஆனந்தவல்லி பேசவே இல்லை. பட்டாபிராமன் அதைக் கவனிக்கவில்லை. பேசாமலிருப்பது பரிசோதனையில் தென்படும் குறை அல்ல.

மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பி வந்தார்கள். தீபாவளிச் சமயத்தில் அவள் தன் பணத்தில் இன்னொரு ஃப்ரிட்ஜ் வாங்கினாள். மாவுக்கென்றே. அது பின்வாசல் வழியாக உள்ளே வந்து, நிர்மல் வைத்துக் கொடுத்த பாயிண்டில் மாட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் கிரைண்டரும் அதே பாயிண்டில்தான். மத்தியானம் வெயிலை கிரைண்டர் சாப்பிட்டது. பாதி நிரம்பிய பேட்டரியைச் சாயங்காலம் ஃப்ரிட்ஜ் சாப்பிட்டது.

ஆகவே கோடை பிறந்து கரண்ட் போக ஆரம்பித்ததும், படுக்கிற நேரம்வரை தாங்க வேண்டிய பேட்டரி, டி.வி. செய்தி முடிவதற்குள் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. அடுத்த வீட்டு பால்கனி ஜொலித்தது. நாய் குரைத்தது.

“வல்லி, என்ன சத்தம் இது?”

“உங்க பேட்டரிதான். பசிக்கறதோ என்னமோ.”

பட்டாபிராமன் இருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கவலையில் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு அவர் இத்தனை சந்தோஷமாக இருந்து ஆனந்தவல்லி பார்த்ததில்லை. வீட்டுக்குள் ஒரு குறை, அதுவும் பெயர் தெரியாத குறை, தானாக நடந்து வந்திருக்கிறது.

மறுநாளே சீட்டுப் பெட்டி இறங்கியது. ஹால் ஃபேனின் ரெகுலேட்டரில் ஒரு மஞ்சள் சீட்டு. வைஃபை பெட்டிக்கு மஞ்சள். கொசு விரட்டும் திரவத்துக்கு மஞ்சள். வாசல் மணியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, “சும்மா இருக்கறச்சேயே இது கரண்ட் குடிக்கறது பாத்தியா” என்று அதற்குச் சிவப்பே கட்டினார். சனிக்கிழமை வந்தவர்கள் மணியை அடிக்கவா வேண்டாமா என்று புரியாமல் கதவைத் தட்டினார்கள். டி.வி.யைப் பரிசோதிக்கவில்லை. பேட்டரி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அளக்க டி.வி. ஓடியாக வேண்டும் என்றார்.

பேட்டரிக்குள் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்த்தார். திராவகத்தை உறிஞ்சிப் பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றை வாங்கி வந்து, அதில் மிதக்கும் தக்கையோடு மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தார். முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வாஸ்லின் தடவினார். பிறகு பேனல்மேல் புறாக்களைச் சந்தேகித்து, வாளியும் பழைய பனியனுமாக மாடி ஏறினார்.

“க்யா அண்ணா, சோலார் கோ நெஹலா ரஹே ஹோ?” என்று கர்னல் தம் பால்கனியிலிருந்து விசாரித்தார். சோலாரைக் குளிப்பாட்டுகிறீர்களா என்று.

கீழே இறங்கி வந்த பட்டாபிராமனின் சந்தேகம் புறாவை விட்டுவிட்டது.

“அந்தாள்தான் இழுக்கறான்.”

“யாரு, என்னத்தை?”

“கர்னல். எர்த் வயர் வழியா. மண்ணுக்கு அடியில.”

“அவர்கிட்ட ஜெனரேட்டர் இருக்கே, உங்க கரண்ட் எதுக்கு?”

“மிலிட்டரிக்காரன். பழக்கம் விடுமா?” என்றார். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். “அதோ, கிர்ருனு கேக்கறது பார். என்ன அது?”

“அவாத்து ஜெனரேட்டர்.”

“கரண்ட் இருக்கறப்போவா ஓட்டறான்?”

“ரிட்டயர் ஆனவர். பொழுது போகணுமோல்லியோ.”

அவர் தலையை ஆட்டினார். ஓய்வு பெற்றவர்களின் பொழுது எப்படியெல்லாம் வீணாகிறது என்று வருத்தப்படுகிற தலையாட்டல்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், பட்டாபிராமன் முட்டாள் அல்ல. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இன்வெர்ட்டரின் திரையைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். பார்த்தார். ஹால், அறை, வாசல், மாடி எல்லா ஸ்விட்சும் அணைந்திருந்தன. ஆனாலும் திரை ஏதோ ஓடுவதாகக் காட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் பூஜ்யமாயிற்று. ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கால் மணியில் மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. சமையலறையில் ஃப்ரிட்ஜ், குளிர்ந்ததும் நின்று சூடானதும் ஓடுகிற தன் இயல்பை அவருக்காக மாற்றிக்கொள்ளவில்லை.

“வல்லி, இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்” என்றார். குரலில் பயபக்தி இருந்தது. “விட்டு விட்டு வரது. இதைவிடப் பெரிய வியாதி கிடையாது. போசரியில ஒரு கியர் பாக்ஸ், கஸ்டமர் வந்து நின்னா மட்டும்தான் கத்தும். ரெண்டு மாசம் அலைஞ்சேன்.”

“கண்டுபிடிச்சேளா?”

“கஸ்டமரை மாத்திட்டா.” பேச்சை அங்கே நிறுத்திக்கொண்டார். “நாளைக்கு வயரைப் பிடிச்சுண்டே போகப் போறேன். ஒவ்வொரு சுவரா.”

ஒவ்வொரு சுவராகப் போனால் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரும் வரும். துளையைக் கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்பதில் ஆனந்தவல்லிக்குச் சந்தேகமே இல்லை. கிச்சனுக்குத் தேவையில்லை என்று ஆரம்பத்திலேயே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அவர் தீர்ப்பை மாற்றியதாகச் சரித்திரம் இல்லை. வயரை வெட்டிவிடுவார். மே மாதம் முழுசாக முன்னால் இருந்தது.

அதனால் மறுநாள் அவர், “ஆல் ஆஃப்” என்று மாடிப்படி அடியிலிருந்து குரல் கொடுத்தபோது, அவள் சத்தமில்லாமல் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்.

திரையில் பூஜ்யம். அப்புறமும் பூஜ்யம். பட்டாபிராமன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு முழுக் காலைப்பொழுதும் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி வந்தது, குடித்தார். பூஜ்யம்தான். பிறகு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“வயரிங்ல தப்பே இல்லை. லோடு பூஜ்யம். ஆனா சாயங்காலம் தீந்து போயிடறது. அப்போ குத்தம் யாரோடது?”

“யாரோடது?”

“பேட்டரியோடது.”

இரண்டு பேட்டரிகளின் கழுத்திலும் சிவப்புச் சீட்டு ஏறியது. கம்பெனிக்குப் போன் போட்டு, முழ நீள இந்தியில் தீர்ப்பை வாசித்தார். அவர்கள் வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பி இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்ச் சோதிப்பதாகவும், திருப்பித் தர இரண்டு வாரம் ஆகும் என்றும் சொன்னார்கள். அவர் போனை வைத்தபோது ஆனந்தவல்லி பிளக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் சந்தோஷமாகக் கிர்ரென்றது. பேட்டரியைக் காட்டிக்கொடுத்தது தன் கைதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் கிருஷ்ணப்ரியா போன் செய்தாள்.

“மாமி, இந்தச் சனிக்கிழமை ரெண்டு மடங்கா வேணுங்க. லீவுக்கு எல்லார் வீட்டுக்கும் ஊர்ல இருந்து ஆளுங்க வந்திருக்காங்க.”

“ஆகட்டும்மா.”

“சொசைட்டி குரூப்புல பாத்தீங்களா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் சாயங்காலம் கரண்ட் இருக்காதாம். போன வருஷம் மாதிரி ஆயிடாதுங்களே?”

“ஆகாது” என்றாள் ஆனந்தவல்லி.

சொல்லிவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். உண்மையைச் சொன்னால் வயர் போகும். சொல்லாவிட்டால் பேட்டரி போகும். எது போனாலும் மாவு போயிற்று. இந்தத் தடவை போனால் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். வரக் கூடாதுதான். ஒரு தடவை பொங்கியது விபத்து, இரண்டாம் தடவையும் பொங்கினால் அது அவளுடைய தரம். இதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான், சாம்பாரை முன்வைத்து.

வெள்ளிக்கிழமை காலையில் அரிசியும் உளுந்தும் அரைத்தாகிவிட்டது. நிர்மல் டெம்போவோடு வந்தார். சிவப்புச் சீட்டு தொங்கும் பேட்டரிகளைக் குனிந்து பார்த்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார்.

“பேட்டரி தோ டீக் லக் ரஹா ஹை, சாஹேப்.” பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது போலிருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் கண் ஒரு தடவை நடுச்சுவருக்குப் போய், அங்கிருந்து ஆனந்தவல்லிக்கு வந்து, தரைக்கு இறங்கியது.

“டீக் நஹி ஹை. ரிஜெக்ட்” என்றார் பட்டாபிராமன்.

நிர்மல் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தார். அந்தக் கணத்தில் சமையலறையின் கிர்ர் நின்றது. இத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் நின்றதும், வீடே மூச்சை நிறுத்திவிட்டதுபோல ஆனந்தவல்லிக்கு இருந்தது.

“ஏன்னா, சித்த இப்படி வாங்கோ.”

“எங்கே?”

“சமையல் உள்ளுக்கு.”

“ஏன், பல்லியா?”

“வாங்கோன்னா.”

பட்டாபிராமன் வாசற்படிவரை வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். அவரைப்போல ஒருவர்மேல் ஒருவராக இரண்டு பேர் நிற்கக்கூடிய உயரமான வாசல் நிலைக்குத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த சின்ன ஃபேனைப் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.

“இங்கே ஜன்னல் இருக்கா? கர்னலாத்துக் கொய்யா மரம் தெரியறதே.”

“ஆமாம். குடிவந்தப்போவே இருந்தது.”

“இது என்ன, ரெண்டாவது ஃப்ரிட்ஜ்? எப்போ வந்தது?”

“தீபாவளிக்கு.”

“யார் வாங்கினா?”

“நான்.” பிளக் இருந்த இடத்தைக் காட்டினாள். “இதுதான் உங்க விட்டு விட்டு வர வியாதி. பேட்டரி லைன்லதான் ஓடறது. கிரைண்டரும்.”

பட்டாபிராமன் பிளக்கையும் ஃப்ரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்ட களிப்பும் கண்டுபிடித்தது தாம் இல்லை என்ற துக்கமும் முகத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

“ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலையே. ஃபேனைக் கேட்டேள். வாசல் மணியைக் கேட்டேள். புறாவைக் கேட்டேள். கர்னலைத் திருடன்னேள். என்னை ஒரு வார்த்தை கேக்கலை.”

“நேத்திக்கு முந்தினநாள் டெஸ்ட் பண்ணறச்சே பூஜ்யம் காமிச்சுதே?”

“பிளக்கைப் பிடுங்கினேன்.”

இதுதான் அவரை உலுக்கியது. ஃப்ரிட்ஜ் வாங்கியதும் சுவரைத் துளைத்ததும் குடும்ப விவகாரம். பரிசோதனைக்கு வந்த பொருளில் கைவைப்பது வேறு. போசரியில் அதற்கு வேலையே போகும்.

“ஃபால்ஸ் ரீடிங்” என்றார் மெதுவாக. “என் வீட்லயே.” பிறகு குரல் ஏறியது. “நிர்மல், ஏ லைன் கட் கரோ.”

ஹாலில் நிர்மல் அந்த பேட்டரியை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட் பண்ணச் சொல்லுங்கோ” என்றாள் ஆனந்தவல்லி. அவள் குரல் ஏறவில்லை. “நாளைக்குக் காலம்பற அத்தனை பேரும் வந்து கதவைத் தட்டுவா. நான் போகமாட்டேன். நீங்கதான் திறக்கணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே சொல்லுங்கோ, மாவு கெட்டுப் போச்சு, இந்தாத்துச் சரக்கு ரிஜெக்டுன்னு. சீட்டுகூட இருக்கு, கட்டியே அனுப்பலாம்.”

பட்டாபிராமன் ஆயிரக்கணக்கான சீட்டுகள் கட்டியவர், ஒன்றைக்கூட வாங்கியதில்லை. வாசலில் தாமே நின்று, தம் வீட்டுப் பொருளைத் தாமே தள்ளுபடி செய்து, எதிரே நிற்கிறவன் உதட்டைப் பிதுக்குவதைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குப் புதிய காட்சி. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

ஃப்ரிட்ஜைத் திறந்தார். டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மூக்கருகில் வைத்தார்.

“லாட் நம்பர் உண்டா?”

“தேதி போட்டிருக்கேன்.”

“ம்” என்றார். மூடியை அழுத்தி மூடி, அழுத்தமாக மூடியிருக்கிறதா என்று ஓரத்தில் விரலை ஓட்டிவிட்டு, ஹாலுக்குப் போனார். அங்கே நிர்மலின் தலையில் இடி இறங்கியது. பேட்டரியில் குறையே இல்லை, மாட்டிய விதத்தில்தான் குறை, லோடைப் பிரிக்காமல் மாட்டியது யார், உற்பத்தி லோடு என்று ஒன்று, உற்பத்தி இல்லாத லோடு என்று ஒன்று உண்டு என்பது தெரியுமா தெரியாதா. நிர்மல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். எதெது எந்தப் பக்கம் என்று கேட்டார்.

பட்டாபிராமன் விரலை மடக்கினார். உற்பத்தி லோடு: சமையலறை. உற்பத்தி இல்லாத லோடு: ஹால், டி.வி., தம்முடைய அறை. உற்பத்தி இல்லாதது எல்லாம் பேட்டரி லைனிலிருந்து கழன்றுகொள்ள வேண்டும் என்றார். தாம் எந்தப் பட்டியலில் விழுந்தோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. ஆனந்தவல்லி எடுத்துச் சொல்லவும் இல்லை. அன்று பிற்பகலே காம்பவுண்டு சுவருக்கு மேலாகக் கர்னலிடம், தாம் குறையைக் கண்டுபிடித்த விதத்தை அவர் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டுகளைப் பற்றிச் சொன்னார். எர்த் வயர் விஷயத்தை விட்டுவிட்டார்.

சாயங்காலம் கரண்ட் போயிற்று. ஹால் இருண்டது. ஃபேன் நின்றது. சமையலறையில் மட்டும் விளக்கு எரிந்தது, சுவர் ஃபேன் சுற்றியது, ஃப்ரிட்ஜ் தன்பாட்டுக்குக் கிர்ரென்றது. பட்டாபிராமன் கொள்கைப் பிடிப்போடு சிறிது நேரம் இருட்டில் வேர்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கொண்டுவந்து கிரைண்டருக்கும் தொட்டி மேடைக்கும் நடுவில், யாரும் எங்கும் போக முடியாத ஒரே இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கறதுன்னு பாக்கணுமே” என்றார்.

தாங்கியது. மறுநாள் கரண்ட் வந்தபோதும் மிச்சம் இருந்தது. குறை தீர்ந்துவிட்டது. அதோடு அவர் எழுந்து போயிருக்கலாம்.

போகவில்லை. உளுந்து ஏன் இவ்வளவு நுரைக்கிறது? உப்பை ஏன் கண்ணால் அளக்கிறாய்? ஒரே அளவு டப்பா என்றாயே, இது அரை விரல் கம்மியாக இருக்கிறதே? சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஒவ்வொரு மூடியும் அவர் மூக்குக்கு அடியில் போய்த்தான் வெளியே வந்தது. ஒரு பாயிண்டுக்கு ஆசைப்பட்டதற்கு, போசரித் தொழிற்சாலை முழுவதையும் சமையலறைக்குள் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்துவிட்டோமே என்று ஆனந்தவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

டப்பாக்களை வாங்கிக்கொள்ள வந்த கிருஷ்ணப்ரியா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க மாமி, சார் உள்ள உக்காந்திருக்காரு?”

“புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கார்மா. சம்பளம் கிடையாது, வாய் மட்டும் உண்டு.”

“நான் கேட்டுண்டுதான் இருக்கேன்” என்றது நாற்காலி.

அந்தக் கோடையும் அடுத்த கோடையும் கரண்ட் போன சாயங்காலங்களில் எல்லாம் அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கரண்ட் இருந்த சாயங்காலங்களிலும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்றாவது கோடைக்குள் தெருவில் கேபிள் வேலை முடிந்து, கரண்ட் போவது அநேகமாக நின்றுவிட்டது. பட்டாபிராமனும் போய்விட்டார்.

இப்போது அந்தச் சமையலறையில் தாராளமாக நடக்கலாம். சனிக்கிழமைகளில் மணி அடிக்கிறது, டப்பாக்கள் போகின்றன, குறை சொல்ல யாரும் இல்லை. ஆனந்தவல்லியே ஒவ்வொரு மூடியையும் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே தருகிறாள். எல்லாமே தேறிவிடுகிறது. அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருக்கிறது.